வீட்டை வாடகைக்கு விட்டுக் கனடா போகும் ரீச்சருக்கு

கேள்வி

நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. திருகோணமலை அலஸ்தோட்டத்தில், கடற்கரைக்குச் சற்று உள்ளே, மூன்று அறை ஓட்டு வீடு எனக்கு உண்டு. கிணறும் இருக்கிறது, குழாய்த் தண்ணியும் இருக்கிறது. கணவர் இல்லை. மகளின் பேறுகாலத்துக்குக் கனடா போகிறேன். திரும்பி வர ஒரு வருடம் ஆகும். வீட்டை மகளுக்கு நன்கொடை உறுதியாக எழுதிவிட்டேன், எனக்குச் சீவிய உரித்து வைத்திருக்கிறேன். மட்டக்களப்பில் இருந்து மாற்றலாகி வந்த வங்கி உத்தியோகத்தர் ஒருவர் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு இருக்கக் கேட்கிறார். மாதம் 45,000 ரூபாய். ஆறு மாத அட்வான்ஸ் வாங்கி, மாதம் பாதி வாடகையை அதிலே கழிக்கலாம் என்று தரகர் சொல்கிறார். முத்திரை ஒட்டிய தாளில் இரண்டு சாட்சியோடு எழுதினால் போதும், நொத்தாரிசுக்குக் கொடுக்கும் காசு வீண் என்பதும் அவர் பேச்சுத்தான். பக்கத்து வீட்டு அக்கா, "ஆளை ஏத்தினால் பிறகு எழுப்பேலாது" என்று பயம் காட்டுகிறா. என் சாமான்களை ஒரு அறையில் போட்டுப் பூட்டிவிட்டுப் போகலாமா? உவர்மலையில் இருக்கும் தம்பி பார்த்துக்கொள்வான். எதை எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்

வணக்கம் ரீச்சர்.

தரகர் சொன்னதையும் அக்கா சொன்னதையும் பிறகு பார்ப்போம். நீங்கள் கேட்காத ஒன்றில் இருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது: இந்த வீட்டை வாடகைக்குக் கொடுக்கக் கையெழுத்துப் போடுவது யார்?

உறுதி மகள் பேரில். உங்களிடம் இருப்பது சீவிய உரித்து. நீங்கள் இருக்கும்வரை வீட்டில் குடியிருக்கவும், வாடகைக்கு விட்டு வருமானத்தை எடுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் சீவிய உரித்துக்காரர் கொடுத்த குத்தகை அவருடைய சீவியத்தோடு முடிந்துபோகும். வாயால் சொல்லக் கூடாத பேச்சுத்தான், என்றாலும் ஒப்பந்தம் எழுதுபவர் அதையும் நினைக்க வேண்டும். அப்படி ஒன்று நடந்தால் வாடகைக்காரரின் கையில் இருக்கும் எழுத்து மகளைக் கட்டுப்படுத்தாது. மகளும் அந்த எழுத்தைக் காட்டி அவரிடம் எதையும் கேட்க முடியாது. இதைத் தவிர்க்க மகளையும் ஒரு தரப்பாகச் சேர்த்து எழுதுங்கள். கனடாவில் உள்ள இலங்கைத் தூதரக அலுவலகத்தில் அவர் ஒரு அற்றோணித் தத்துவம் (தனக்காகக் கையெழுத்துப் போட இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகார எழுத்து) எழுதி, அத்தாட்சி பெற்று, மூலப் பிரதியைத் தபாலில் அனுப்பட்டும். வாட்ஸ்அப்பில் வரும் படத்தை வைத்து எந்த நொத்தாரிசும் எழுதமாட்டார். தபாலுக்கும் இங்கே பதிவுக்கும் நாள் பிடிக்கும். பயணச்சீட்டு எடுத்த பிறகு தொடங்கினால் நேரம் போதாது.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு சொல். திருகோணமலை மாவட்டத்தில் நிறையக் காணிகள் தனியார் உறுதிக் காணி அல்ல. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுக்கப்பட்ட அனுமதிப்பத்திரம், அல்லது ஜெயபூமி, சுவர்ணபூமி என்ற பெயர்களில் வந்த அளிப்பு. அப்படியான காணியில் உள்ள வீட்டைக் குத்தகைக்கு எழுதப் போகிறவர் முதலில் பிரதேச செயலகக் காணிப் பிரிவுக்குப் போக வேண்டும். அனுமதியில்லாமல் எழுதும் எழுத்து செல்லாது, அனுமதிப்பத்திரத்துக்கே கேடு வரவும் கூடும். உங்கள் காணி உறுதிக் காணி என்பதால் அந்தக் கவலை உங்களுக்கு இல்லை.

இனித் தரகரின் முத்திரைத் தாள். நம் நாட்டில் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை எதுவானாலும் நொத்தாரிசு ஒருவர் முன்னும் இரண்டு சாட்சிகள் முன்னும் எழுதப்பட வேண்டும் என்பது அதன் விதி. இல்லையென்றால் அந்தக் குத்தகை சட்டத்தின் முன் நிற்காது. தரகரின் தாளில் "ஒரு வருடம்" என்று எழுதியிருந்தாலும், வாடகைக்காரர் வந்து குடியிருந்து மாதாமாதம் காசு கட்டத் தொடங்கியதும் அது மாத வாடகையாகத்தான் கணக்கில் வரும். அவர் ஒரு மாத அறிவித்தலோடு எழும்பிப் போகலாம். ஒரு வருடம் முடிந்ததும் வீடு வேண்டும் என்று நீங்கள் அந்தத் தாளைத் தூக்கிக்கொண்டு போனால் அதற்குப் பலம் இல்லை.

யூடியூப் பார்க்கும் சிலர் "11 மாதத்துக்கு எழுதினால் பதிவு தேவையில்லை" என்கிறார்கள். அது இந்தியச் சட்டத்தில் வந்த வழக்கம். அங்கத்தைய பதிவுச் சட்டத்தில் ஒரு வருடத்துக்குக் குறைந்த குத்தகைக்குப் பதிவு கட்டாயம் இல்லை. இங்கே எல்லை ஒரு மாதம்தான். அந்த வழக்கம் திருகோணமலையில் செல்லாது.

நொத்தாரிசிடம் போகும்போது நன்கொடை உறுதி, நில அளவை வரைபடம், கடைசி ஆதன வரிப் பற்றுச்சீட்டு (நம் ஊர்ப் பேச்சில் சோலை வரி), உங்களுடையதும் வாடகைக்காரருடையதும் அடையாள அட்டைகள், மகளின் அற்றோணித் தத்துவம் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். நொத்தாரிசுக் கட்டணமும் முத்திரைத் தீர்வையும் யார் கட்டுவது என்பதை முன்பே பேசிக்கொள்ளுங்கள்; பாதி பாதி என்பது நியாயம். அவருக்கு முதலாம் தரத்துக்குப் போக இருக்கும் பிள்ளை இருந்தால், பாடசாலை விண்ணப்பத்துக்கு வதிவிடச் சான்றாகப் பதிவுசெய்த குத்தகை ஒப்பந்தம் அவருக்கே வேண்டியிருக்கும். அதைச் சொன்னால் பாதிக் கட்டணத்துக்கு அவர் முகம் சுளிக்க மாட்டார். எழுதிய ஒப்பந்தத்தைக் காணிப் பதிவகத்தில் பதிவது நொத்தாரிசின் வேலை. பதிவான பிரதி ஒன்று உங்கள் கைக்கு வர வேண்டும்.

ஒப்பந்தத்தில் மறக்காமல் போட வேண்டியவை சில. மகள் இந்த ஒரு வருடத்துக்குள் வீட்டை விற்க நினைத்தால், வாங்குபவர் வாடகைக்காரரோடு சேர்த்துத்தான் வாங்க வேண்டும். நம் நாட்டில் குத்தகை விற்பனைக்கு முந்தியது. விற்கும் எண்ணம் கொஞ்சமேனும் இருந்தால், மூன்று மாத அறிவித்தலில் முடித்துக்கொள்ளலாம் என்று ஒரு வாசகம் இருக்கட்டும். வேறு ஆளுக்குக் கைமாற்றக் கூடாது, அறையைப் பிரித்துக் கொடுக்கக் கூடாது என்பதையும் தெளிவாக எழுதுங்கள். அலஸ்தோட்டமும் உப்புவெளியும் நிலாவெளியும் ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை வெள்ளைக்காரர் வந்து போகும் பக்கம். முன்னறையை இணையத்தில் போட்டு நாள் வாடகைக்கு விடுவது இப்போது கைப்பேசியில் ஐந்து நிமிட வேலை. சுற்றுலாப் பயணிகளுக்கு விட வேண்டுமென்றால் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிய வேண்டும், மின்சாரக் கட்டணப் பிரிவும் மாறும். வீட்டுப் பாவனை மீற்றரில் வியாபாரம் நடந்தது தெரிய வந்தால் கணக்கு உங்கள் பேரில் இருப்பதால் கேள்வி உங்களிடம்தான் வரும்.

காலம் முடிந்தும் எழும்பாவிட்டால் நாள் ஒன்றுக்கு எவ்வளவு நட்டஈடு என்பதும் வேண்டும். உங்கள் வாடகை நாள் கணக்கில் 1,500 வருகிறது. 3,000 என்று எழுதினால் நியாயமாகத் தெரியும். பயம் காட்ட 10,000 என்று எழுதினால் நீதிமன்றம் அதைத் தண்டமாகப் பார்த்துத் தள்ளிவிடக்கூடும்.

பக்கத்து வீட்டு அக்காவின் பயம் வெறும் பயம் அல்ல. 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் வாடகைக்காரரைப் பலமாகப் பாதுகாத்தது. அவர் இறந்தாலும் கூட இருந்த குடும்பத்தவருக்கு அந்த உரிமை தொடர வழி இருந்தது. பழைய வீடுகளில் தலைமுறையாக வழக்கு நடந்த கதைகள் அங்கிருந்துதான் வருகின்றன. பின்னால் வந்த திருத்தங்கள், குறிப்பாக 2002ஆம் ஆண்டுத் திருத்தம், பல வீடுகளை அந்தச் சட்டத்துக்கு வெளியே எடுத்துவிட்டன. உங்கள் வீடு எந்தப் பக்கம் என்பது அது எப்போது கட்டப்பட்டது, எப்போது முதலில் வாடகைக்குப் போனது, உள்ளூராட்சி சபை வரிக்காக மதித்த ஆண்டுப் பெறுமதி என்ன என்பதில் தங்கியிருக்கிறது. வரித் துண்டைக் கொண்டுபோகச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். அதற்கு மேல், குத்தகைக்குக் கொடுத்த இடத்தை மீட்பதற்கென்றே 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் வந்திருக்கிறது. நீண்ட வழக்குக்குப் பதிலாக மாவட்ட நீதிமன்றத்தில் சுருக்க முறையில் கேட்கலாம். அந்த வழியில் போகிறவருக்கு முதல் ஆயுதம் ஒழுங்கான எழுத்து ஒப்பந்தம். தரகர் வீண் என்று சொன்ன காசு இதற்குத்தான்.

எழும்பாத வாடகைக்காரரிடம் வீட்டுக்காரர் செய்யும் பிழைகள் பெரும்பாலும் மூன்று. கேற்றுக்குப் புதுப்பூட்டுப் போடுவது, கரண்டை வெட்டுவிப்பது, வாடகையை வாங்க மறுப்பது. முதலாவது பாரதூரமானது. ஆள் பொலிசுக்குப் போனால் 1979ஆம் ஆண்டு ஆரம்ப நீதிமன்ற நடைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவில் விடயம் நீதவான் முன் போகும். விடயம் நீதிமன்றத்துக்கு வர முந்திய இரண்டு மாதத்துக்குள் பலவந்தமாக வெளியேற்றப்பட்டவர் என்று கண்டால் நீதவான் அவரையே திரும்ப வீட்டுக்குள் ஏற்றுவார். வீடு யாருடையது என்பது அந்த விசாரணையில் கேள்வியே இல்லை. கரண்டை வெட்டினாலும் சட்டத்தில் பிழைகாரர் நீங்களாகிவிடுவீர்கள். வாடகையை வாங்க மறுத்தால், வாடகைச் சட்டத்துக்கு உட்பட்ட வீடுகளில் அவர் அதை உள்ளூராட்சி சபையில் கட்டிவிட்டு நிலுவை இல்லை என்று காட்டுவார். ஆகவே காசை வாங்குங்கள். அறிவித்தல் கொடுத்த பிறகு வரும் காசுக்கு "வாடகை" என்று பற்றுச்சீட்டு எழுதாமல் "பாவனைக்கான நட்டஈடு" என்று எழுதுங்கள். அறிவித்தல் எப்போதும் பதிவுத் தபாலில். மாத வாடகையில் இருப்பவருக்கு ஒரு முழுக் காலண்டர் மாதம் வேண்டும்: ஜூன் 10இல் அனுப்பினால் ஜூலை 31 என்று திகதி போட வேண்டும், ஜூலை 10 என்று போட்டால் அறிவித்தலே பிழைத்துப்போகும்.

அட்வான்ஸ் விடயத்தில் தரகரின் கணக்கு பார்க்க அழகாக இருக்கிறது. ஆறு மாதம் என்றால் 270,000 ரூபாய் மொத்தமாகக் கையில் வரும். மாதம் 22,500 கழித்தால் பன்னிரண்டாவது மாதம் அது பூச்சியம். அவர் வீட்டை விட்டுப் போகும் நாளில், அதாவது உடைந்த யன்னலும் கட்டாத கரண்ட் பில்லும் கணக்குக்கு வரும் அதே நாளில், உங்கள் கையில் ஒரு சதமும் இருக்காது. தரகருக்கு இதில் நட்டம் இல்லை; அவருடைய காசு முதல் நாளே வந்துவிடும். நான் சொல்வது: மூன்று மாத வாடகை, 135,000 ரூபாய், கழிக்கப்படாத பிணை வைப்பாக வாங்குங்கள். வீடு திரும்பக் கையளித்து, கடைசிக் கரண்ட், தண்ணி பில்கள் வந்து, 30 நாளுக்குள் மிச்சத்தைத் திருப்பிக் கொடுப்பதாக எழுதுங்கள். "கடைசி மூன்று மாத வாடகையை வைப்பில் கழிக்கக் கூடாது" என்ற வரியும் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் ஒன்பதாவது மாதத்தோடு காசு நின்றுவிடும். அந்த 135,000 உங்கள் காசு அல்ல, தனிக் கணக்கில் கிடக்கட்டும். கனடாவில் தொட்டில் வாங்கவும் அதில் கை வைக்காதீர்கள்.

வங்கி உத்தியோகத்தர் என்பதால் ஒரு வசதி உண்டு. அவருடைய சம்பளக் கணக்கில் இருந்து உங்கள் கணக்குக்கு ஒவ்வொரு மாதமும் 5ஆம் திகதிக்குள் தானாக மாறும்படி கட்டளை போடச் சொல்லுங்கள். அவருக்கு அது இருந்த இடத்தில் முடிகிற வேலை, தம்பியும் மாதாமாதம் வாசலில் போய் நிற்கத் தேவையில்லை.

கரண்ட், தண்ணிக் கணக்குகள் உங்கள் பேரிலேயே இருக்கட்டும், பேர் மாற்ற வேண்டாம். ஆனால் கட்டாமல் விட்டால் இணைப்பு வெட்டுப்படுவதும் மீள் இணைப்புக் கட்டணமும் உங்கள் தலையில். கணக்கு இலக்கங்களைக் குறித்து வைத்துக்கொண்டால் கனடாவில் இருந்தே நிலுவையைப் பார்க்கலாம். இரண்டு மாத பில் கட்டுப்படாமல் நின்றால் அது வாடகை நிலுவைக்குச் சமம் என்று ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள்.

இனித் திறப்பைக் கையளிக்கும் நாள். வீட்டுக்காரர் அதிகம் அசட்டையாக விடுவதும் பின்னர் அதிகம் சண்டை பிடிப்பதும் இதில்தான். அந்த நாளில் காலை இரண்டு மணித்தியாலம் ஒதுக்குங்கள். நீங்கள், தம்பி, வாடகைக்காரர் மூவரும் வீட்டில் இருக்க வேண்டும். ஒவ்வொரு அறையாகப் போய் இருப்புப் பட்டியல் எழுதுங்கள். "மின்விசிறி 3" என்பது போதாது. "சாப்பாட்டறை மின்விசிறி, வேகக் கட்டுப்பாடு வேலை செய்கிறது, ஒரு இறக்கையில் துரு" என்று எழுதினால்தான் பட்டியல். முன்யன்னலில் வெடித்த கண்ணாடி இருந்தால் அதையும் எழுதுங்கள். இருக்கிற குறையை மறைக்காத பட்டியலைத்தான் பிறகு மற்றவரும் மறுக்கமாட்டார். திறப்புகள் எத்தனை, எந்தக் கதவுக்கு என்று எண்ணுங்கள். குசினியில் காஸ் சிலிண்டர் விட்டுப் போனால் 12.5 கிலோவா சிறியதா, நிறைந்ததா வெறுமையா என்று குறிக்க வேண்டும். படங்களை அன்றைக்கே வாடகைக்காரருக்கும் தம்பிக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். திகதியும் நேரமும் தானாகப் பதிந்திருக்கும்.

தண்ணி மீற்றருக்குப் போகும்போது வீட்டில் எல்லாப் பைப்பையும் பூட்டிவிட்டுப் போங்கள். கண்ணாடிக்குள் சிறு சக்கரம் ஒன்று இருக்கும். எல்லாம் பூட்டியிருக்க அது மெல்லச் சுற்றினால் எங்கோ ஒழுகுகிறது. பெரும்பாலும் மலசலகூடத் தொட்டியின் உள்வால்வு. தொட்டித் தண்ணிக்குள் கொஞ்சம் நீலப் பொடி கரைத்துவிட்டு, அமுக்காமல் கால் மணித்தியாலம் இருந்து பாருங்கள். கோப்பைக்குள் நீலம் இறங்கினால் வால்வின் இறப்பர் போய்விட்டது. சில நூறு ரூபாய் இறப்பரை இன்றைக்கு மாற்றாமல் விட்டால் முதல் மாதத் தண்ணி பில்லே முதல் சண்டையாகிவிடும். ஒழுக்கு இல்லை என்று மூவரும் கண்ட பிறகு மீற்றர் எண்ணைப் படம் பிடியுங்கள். கரண்ட் மீற்றரையும் அப்படியே.

மின் பலகையில் ட்ரிப் சுவிட்ச் (மின் கசிந்தால் கரண்டை நிறுத்துவது) இருக்கும். அதில் உள்ள சோதனைப் பொத்தானை அமுக்கினால் வீடு முழுக்க கரண்ட் உடனே விழ வேண்டும். விழாவிட்டால் அது இருந்தும் இல்லாததுதான். 30 மில்லி அம்பியர் அளவில் புதிதாகப் போட்டுவிட்டே திறப்பைக் கொடுங்கள். கடற்காற்றில் உள்ளே உப்புப் பிடித்து இறுகிப்போவது இந்தப் பக்கத்து நோய். நிலத்தில் இறக்கிய ஏர்த் கம்பியின் பிடியையும் பாருங்கள். அலஸ்தோட்டத்து மணல் ஜூன், ஜூலைக் கச்சான் காற்றில் காய்ந்துபோனால் ஏர்த் பிடிப்பது குறையும். துருப்பிடித்த பிடியும் சேர்ந்தால் குளிக்கும்போது பைப்பில் கை வைத்தால் சுள்ளென்று அடிக்கும். இரண்டு பிள்ளைகள் வரும் வீடு. மின் வேலைக்காரர் ஒருவருக்கு அரைநாள் கூலி கொடுத்துப் பார்க்கச் செய்யுங்கள்.

கிணற்று மோட்டரை ஓட்டிக் காட்டிவிட்டு ஒரு விடயத்தைச் சொல்லிக் கொடுங்கள். கச்சான் காலத்தில் கிணற்றுத் தண்ணி இறங்கும். கால்வால்வு (கிணற்றுக்குள் இறங்கும் பைப்பின் அடி நுனியில் உள்ள வால்வு) வெளியே தெரிய மோட்டர் காற்றை இழுத்து ஓடினால், தண்ணியால் குளிரும் உள்முத்திரை எரிந்துவிடும். "நல்ல மோட்டர் கொடுத்தேன்", "பழசு கொடுத்தார்கள்" என்ற வழக்கு வருவது இதனால்தான். கிணற்றுச் சுவரில் கால்வால்வின் மட்டத்துக்கு ஒரு முழம் மேலே பெயின்றில் கோடு ஒன்று போடுங்கள். தண்ணி கோட்டுக்குக் கீழே போனால் மோட்டர் போடக் கூடாது, கந்தளாய்த் தண்ணி வரும் குழாயையே நம்ப வேண்டும் என்று பட்டியலில் எழுதி, அவர் கையெழுத்தும் வாங்குங்கள்.

திருத்த வேலைகளைப் பங்கு பிரிப்பது இலகு: கூரை, சுவர், பிரதான வயரிங், நிலத்தடிப் பைப், கிணறு, மலக்குழி உங்கள் பங்கு. பல்ப், பைப் வாஷர், உடைந்த கண்ணாடி, பூட்டு, முற்றம் அவர் பங்கு. 7,500 ரூபாய் வரைக்கும் தம்பி ரெலிபோனில் சரி சொன்னால் செய்து, பில்லைக் காட்டிக் கழிக்கலாம், அதற்கு மேல் உங்களைக் கேட்க வேண்டும் என்று ஒரு எல்லை வையுங்கள். இல்லாவிட்டால் ரொறன்ரோவில் நடுச்சாமம் ரெலிபோன் அடிக்கும், குழாய் ஒழுகுது என்று.

சிக்கல் வருவது மலக்குழியில். வாடைக்காலத்தில், நவம்பர் டிசம்பரில், உங்கள் பக்கத்தில் நிலத்தடித் தண்ணி மேலே வந்துவிடும். கோப்பையில் தண்ணி மெல்ல இறங்கும், குமிழி சத்தம் கேட்கும். வாடகைக்காரர் "குழி நிரம்பிவிட்டது" என்பார், நீங்கள் "கண்டதையும் போட்டிருக்கிறார்கள்" என்பீர்கள். மூடியைத் திறக்கும்போது தம்பியைக் கிணற்றையும் எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். குழித் தண்ணியும் கிணற்றுத் தண்ணியும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நின்றால் அது மழை செய்த வேலை; பவுசர் பிடித்து இறைத்தாலும் இரண்டு நாளில் திரும்ப நிரம்பும், காசு வீண். கிணறு கீழே நிற்க குழி மட்டும் நிரம்பியிருந்தால் இறைக்க வேண்டியதுதான். குழி வெறுமையாக இருந்து குழாய் அடைத்திருந்தால், எடுத்துப் பார்க்கும்போது துணியோ பிள்ளைகளின் பம்பர்சோ வரும். அது அவர் செலவு. நீங்கள் போக முதல் ஒருதரம் இறைப்பித்து, திகதியைப் பட்டியலில் போட்டுவிட்டால் பாதிப் பேச்சு குறையும்.

கூரைக்கு செப்டெம்பர் கடைசியில் ஆள் ஏற்றுங்கள். குரங்கு நகர்த்திய ஓடுகளை இருத்தி, பீலியில் கிடக்கும் மாவிலையை அள்ளினால் போதும். வாடகைக்காரர் டிஷ் பூட்டுவதென்றால் கூரையில் கால் வைக்காமல் சுவரில் பூட்டட்டும். 2020 டிசம்பரில் புரெவிப் புயல் குச்சவெளிப் பக்கம் கரையேறியதை மறந்திருக்கமாட்டீர்கள். புயலிலோ வெள்ளத்திலோ வீடு இருக்க முடியாமல் போனால் அந்த நாட்களுக்கு வாடகை இல்லை, ஒரு மாதத்துக்குள் திருத்தாவிட்டால் இரு தரப்பும் விலகலாம் என்று இரண்டு வரி எழுதிக்கொள்ளுங்கள்.

முற்றத்தில் தேங்கும் தண்ணிக்கு 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. 2017இல் கிண்ணியாவில் டெங்கு என்ன பாடுபடுத்தியது என்று நம் மாவட்டத்துக்குத் தெரியும். குடியிருப்பவர் சுத்தமாக வைக்க வேண்டும் என்று எழுதுங்கள், ஆனால் மூடியில்லாத தண்ணித் தாங்கியையும் பின்வளவில் கிடக்கும் பழைய பேசின்களையும் நீங்களே அப்புறப்படுத்திவிட்டுப் போங்கள்.

பூட்டி வைக்கும் அறையைப் பற்றிக் கேட்டீர்கள். முடியும், ஆனால் எனக்கு அது அவ்வளவு உவப்பில்லை. ஒரு வருடம் திறக்காத அறைக்குள் ஓடு ஒழுகினால் யாருக்கும் தெரியாது, கறையான் ஏறினால் அலுமாரியைத் தின்று முடித்த பிறகுதான் தெரியும். முடிந்தால் உறுதிகள், நகை, படங்கள், சாமிப்படங்களைத் தம்பி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தளபாடங்களை வாடகைக்காரர் பாவிக்கட்டும் என்று பட்டியலில் சேருங்கள். பூட்டித்தான் ஆக வேண்டும் என்றால்: அந்த அறை குத்தகையில் சேராது என்று ஒப்பந்தத்தில் தெளிவாக இருக்க வேண்டும், மின் பலகையோ பிரதான பைப் வால்வோ அதற்குள் இருக்கக் கூடாது, அந்த அறையின் மின்சுற்றைப் பலகையில் நிறுத்திவிட வேண்டும். அலுமாரிகளைச் சுவரில் இருந்து அரை அடி தள்ளி, செங்கல்லின் மேல் வையுங்கள். தம்பி மூன்று மாதத்துக்கு ஒருதரம் வந்து திறந்து காற்றுப் பட விட வேண்டும். வருவதற்கு இரண்டு நாள் முதல் வாடகைக்காரருக்குச் சொல்லிவிட்டு வர வேண்டும். தன் அக்காவின் வீடுதானே என்று சொல்லாமல் கேற்றைத் திறந்துகொண்டு உள்ளே போகும் உரிமை தம்பிக்கு இல்லை. குத்தகைக் காலத்தில் அந்த வீட்டு வாசல் வாடகைக்காரருடையது.

வரிக்கு வருவோம். வருடம் 540,000 ரூபாய் வாடகை வருமானம். வீட்டுத் திருத்தத்துக்கென்று 25 வீதம், 135,000, கழித்தால் 405,000. 2025 ஏப்ரலில் இருந்து தனிநபர் வரிவிலக்கு வருடம் 1,800,000. நிலையான வைப்பு வட்டி போன்ற மற்ற வருமானங்களையும் கூட்டி அந்த அளவுக்குள் நின்றால் கட்ட வரி இல்லை. ஆதன வரி உங்கள் பொறுப்பு, தம்பியிடம் காசைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

தம்பிக்கு நீங்கள் கொடுக்கும் அற்றோணித் தத்துவம் இந்த ஒரு வீட்டுக்கும் இந்த வேலைகளுக்கும் மட்டும் என்று இருக்கட்டும்: அறிவித்தல் அனுப்ப, திருத்த வேலை செய்விக்க, வீட்டைத் திரும்பப் பொறுப்பேற்க, தேவை வந்தால் வழக்குப் போட. விற்க, ஈடு வைக்க, புதிய குத்தகை எழுத அதிகாரம் வேண்டாம். தம்பி மேல் நம்பிக்கை இல்லாமல் அல்ல. பொது அற்றோணியைக் கண்டால் தரகர்கள் தம்பியை விடமாட்டார்கள்.

வாடகைக்காரரின் வேலைத்தல உறுதிக் கடிதமும் அடையாள அட்டைப் பிரதியும் வாங்குங்கள். மட்டக்களப்பில் முன்பு இருந்த வீட்டுக்காரரோடு ஒரு ரெலிபோன் பேச்சும் பேசிப் பாருங்கள். உங்கள் கிராம உத்தியோகத்தருக்கும் சொல்லிவிடுங்கள்.

இன்னும் ஒன்று, சிறிய விடயம். வளவில் மாவும் தென்னையும் நிற்கும் என்று நினைக்கிறேன். காய் யாருக்கு என்று எழுதுங்கள். மாங்காய் அவர்களுக்கு, தேங்காய் பறிக்கும் நாளில் பாதி தம்பிக்கு என்றால் யாருக்கும் மனவருத்தம் இல்லை. பறிக்கிற கூலியும் பாதி பாதி. அவர் வாகனம் நிறுத்தப் போகும் இடத்துக்கு மேலே தென்னை நின்றால், போக முதல் குலையை இறக்கிவிட்டுப் போங்கள்.